கூட யாரு வந்திருக்காங்க?

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்டபோது, கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளைப் பற்றியோ நொய்யல் கரை அணைகளைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் துறையிலேயே இருக்கிறார்கள். 1980-இல் பி.ஏ. வரலாறு முடித்து வெளியே வந்த எனக்கு ஆசிரியர் வேலை அமையவில்லை. சக மாணவர்கள் பலர் பனியன் கம்பெனிகளில் கணக்கெழுதப் போனார்கள். நான் திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் போய் உட்கார்ந்தேன். ஓய்வு பெறும் வரை 38 ஆண்டுகள் அதே அறைதான். கேஸ் ஷீட்டுகளுக்கு எண் போட்டு அடுக்குவதும், டாக்டர் கேட்கும்போது எடுத்துக் கொடுப்பதும் என் வேலை.

"ஒரு ஆவணம் என்ன சொல்லுதுன்னு மட்டும் பாக்காதீங்கப்பா, யாருகிட்டச் சொல்லுதுன்னும் பாருங்க" என்று வகுப்பில் நம் பேராசிரியர் ஒருவர் அடிக்கடி சொல்வார். கல்வெட்டைப் பற்றி அவர் சொன்னது எனக்குக் கேஸ் ஷீட்டில்தான் பயன்பட்டது. எந்த நோயாளியைப் பற்றிய விவரமும் இக்கட்டுரையில் அடையாளம் தெரியும்படி வராது. அது என் தொழில் தர்மம். ஆனால் அந்தத் தாள்களில் திரும்பத் திரும்ப வந்த சில சொற்களைப் பற்றி எழுதலாம். கடுமையான நோய் ஒன்று இருப்பதை நம் ஊர் மருத்துவர்கள் நோயாளியிடம் எப்படிச் சொன்னார்கள், எப்படிச் சொல்லாமல் விட்டார்கள் என்ற வரலாறு அந்தச் சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது.

அந்த வரலாறு முழுவதிலும் ஒரே கேள்விதான் ஊடு நூலாக ஓடுகிறது. பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் முதலில் கேட்பது: "கூட யாரு வந்திருக்காங்க?"

நால்வரில் ஒருவர்

இந்தக் கேள்வியைக் குறையாகப் பேசுவதற்கு முன் அதன் பெருமையையும் சொல்லிவிட வேண்டும். வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் என்று கணக்கிடுகிறார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, பக்கத்தில் இருந்து கவனித்துக்கொள்பவனும் ஓர் உறுப்பு. நம் ஆஸ்பத்திரி மொழியில் அவருக்கு 'அட்டெண்டர்' என்று பெயர். சோறு கொண்டு வருவது, மாத்திரை வாங்கி வருவது, இரவில் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுப்பது, பில் கட்டுவது எல்லாம் அவரே. நகை அடகுக்குப் போவதும் அவர் வீட்டிலிருந்துதான். அப்படிப்பட்டவரிடம் டாக்டர் பேசாமல் யாரிடம் பேசுவார்?

அதே வள்ளுவர், குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று வாய்மை அதிகாரத்தில் ஓர் இடம் கொடுத்தார். அந்த இடத்தில் நம் ஊர் குடும்பங்களும் மருத்துவர்களும் நெடுங்காலம் வசதியாக உட்கார்ந்திருந்தார்கள் எனலாம். "அவருகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங் டாக்டர், மனசு விட்ருவாருங்க" என்ற வேண்டுகோளை எங்கள் வராந்தாவில் நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. அது அன்பிலிருந்து வந்த வேண்டுகோள். அந்த அன்புக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை ஒவ்வொரு நோயாகப் பார்ப்போம்.

காக்ஸ்

நான் வேலையில் சேர்ந்த புதிதில் பல கேஸ் ஷீட்டுகளில் 'காக்ஸ்' என்று எழுதியிருக்கும். நிலக்கரிச் சூளையில் வேலை பார்ப்பவர்களுக்கு வருகிற நோய் போல என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் அது காசநோய் என்று தெரிந்தது. 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்த ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் காக்கின் பெயர் அது. டி.பி. என்ற சொல் நோயாளியின் காதில் விழக்கூடாது என்பதற்காக டாக்டர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட குழூஉக்குறி. தமிழில் சயரோகம் என்றும் எலும்புருக்கி என்றும் சொல்வார்கள். கேட்கும்போதே உடம்பு உருகும் பெயர்.

அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. மருந்து இல்லாத காலத்தில் நோயின் பெயரைச் சொல்வதும் ஊரை விட்டுப் போகச் சொல்வதும் ஒன்றுதான். நல்ல காற்றும் ஓய்வும் சத்தான உணவும்தான் வைத்தியம் என்று ஊருக்கு வெளியே சானடோரியங்கள் எழுந்தன. சென்னைக்கு அருகே தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தொடங்கியது அப்படிப்பட்ட ஒன்று. நமக்குப் பக்கத்தில் பெருந்துறையிலும் ஒரு சானடோரியம் இருந்தது. அந்த வளாகத்தில்தான் பின்னாளில் மருத்துவக் கல்லூரி வந்தது. அந்தப் பகுதிக்குச் சானடோரியம் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. எங்கள் அப்பாரு காலத்தில் யாரும் "அவனுக்குக் காசம்" என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்களாம். "பெருந்துறைக்குக் கூட்டீட்டுப் போயிருக்காங்க" என்றால் ஊர் புரிந்துகொள்ளும். நோயின் பெயர் ஊர்ப் பெயருக்குள் ஒளிந்துகொண்டது.

இதை மாற்றியது நம் தலைநகரில் நடந்த ஓர் ஆராய்ச்சி. 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்திய அந்த ஆய்வில், நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்திலும் மற்றவர்கள் தங்கள் நெரிசலான வீடுகளிலும் ஓராண்டு ஒரே மருந்தைச் சாப்பிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்கள் வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் முடிவு வெளியானபோது உலகெங்கும் சானடோரியங்கள் காலியாவதற்கு அது ஒரு காரணமாயிற்று.

மருத்துவ நூல்களில் இது சிகிச்சையின் வரலாறு. என் கண்ணுக்கு இது ஒரு வாக்கியத்தின் வரலாறாகவும் தெரிகிறது. அதுவரை "நீங்க போகோணும்" என்று சொல்லிக்கொண்டிருந்த டாக்டர், முதன்முறையாக "நீங்க ஊட்லயே இருக்கலாம்" என்று சொல்ல முடிந்தது. வீட்டிலேயே இருந்து மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டுமானால், எதற்காகச் சாப்பிடுகிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாதவர் இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவார். நிறுத்தினால் நோய் முன்னைவிட முரட்டுத்தனமாகத் திரும்பும். ஆக, மறைப்பது நோயாளியின் நன்மைக்கே என்ற வாதம் முதலில் அடிபட்டது காசநோயில்தான்.

ஹேன்சன்

தொழுநோய்க்குக் கேஸ் ஷீட்டில் 'ஹேன்சன்' என்று எழுதுவார்கள். 1873-இல் அதன் கிருமியைக் கண்ட நார்வே நாட்டு மருத்துவரின் பெயர். பெருவியாதி, குட்டம் என்ற பழைய பெயர்களை விட்டுத் தொழுநோய் என்று எழுதப் பழகிய பிறகும், அந்தச் சொல்லையும் உரக்கச் சொல்ல நம்மால் முடியவில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்திக் காட்டினார். கூட்டு மருந்து சிகிச்சை 1980-களில் இந்தியாவில் பரவத் தொடங்கியது. உணர்ச்சியில்லாத தேமலைக் காட்ட வந்தவரிடம் "இது மருந்துல சரியாயிரும்" என்று ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது. ஆனாலும் தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி நம் திருமணச் சட்டங்களிலிருந்து நீங்கியது 2019-இல்தான். மருந்து ஒரு நோயைக் குணப்படுத்தப் பிடிக்கும் காலத்தைவிட, சட்டமும் ஊரும் அதன் பெயரைக் குணப்படுத்தப் பிடிக்கும் காலம் அதிகம்.

மைட்டோடிக்

அடுத்து வருவது, என் அறையில் அலமாரி அலமாரியாக இருந்தது. புற்றுநோய் என்று நேராக எழுதியிருந்த தாள்கள் மிகக் குறைவு. 'மைட்டோடிக் லீஷன்' என்றோ 'நியோப்ளாசம்' என்றோ இருக்கும். படித்த உறவினர்கள் கேன்சர் என்ற சொல்லைத் தேடி எட்டிப் பார்த்துவிட்டு, அது இல்லை என்று நிம்மதியாகப் போவதை நானே பார்த்திருக்கிறேன். அதே தாளின் ஓரத்தில் இன்னொரு குறிப்பும் இருக்கும்: 'அட்டெண்டர்ஸ் இன்ஃபார்ம்ட். பேஷண்ட் நாட் அவேர்.' உறவினருக்குச் சொல்லியாயிற்று, நோயாளிக்குத் தெரியாது. அடுத்த ஷிப்டில் வரும் டாக்டரும் நர்ஸும் வாய் தவறிவிடக் கூடாது என்பதற்கான எச்சரிக்கைப் பலகை அது.

இதை நம் ஊர்க்காரர்களின் தனிக் குணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1961-இல் அமெரிக்காவில் டொனால்ட் ஓக்கன் என்பவர் மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டார். நூற்றுக்குத் தொண்ணூறு பேர், புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே தங்கள் வழக்கமாகக் கூறினார்கள். 1979-இல் அதே கேள்வியை மறுபடி கேட்டபோது நூற்றுக்கு 97 பேர் சொல்வதே வழக்கம் என்றார்கள். பதினெட்டே ஆண்டுகளில் தலைகீழ் மாற்றம்! சிகிச்சைகள் பெருகியதும், நோயாளியின் சம்மதம் சட்டத்தில் இடம் பிடித்ததும், எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் வெளியிட்ட நூலுக்குப் பின் சாகப்போகிறவர்களோடு பேசுவது பற்றி வெளிப்படையாக விவாதம் நடந்ததும் அதற்குக் காரணங்கள்.

தமிழ்நாட்டுக் கதை வேறு தடத்தில் போனது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தை 12 படுக்கைகளோடு தொடங்கினார். புற்றுநோய் வந்தால் சாகத்தானே போகிறார்கள், அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று பதவியில் இருந்தவர்களே கேட்ட காலம் அது. 1955-இல் அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-இல் மறையும் வரை, நோயோடு மட்டுமல்லாமல் நோயைப் பற்றிய பயத்தோடும் போராடினார். சீக்கிரம் வந்தால் குணமாக்கலாம் என்று அவர் சொல்லாத மேடை இல்லை. ஆனால் பெயரைக் கேட்டாலே நடுங்குகிறவர்கள் எப்படிச் சீக்கிரம் வருவார்கள்?

1968-இல் முதலமைச்சர் அண்ணா நியூயார்க்கில் புற்றுநோய் அறுவை சிகிச்சை பெற்றுத் திரும்பினார். 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி அடையாறு நிலையத்திலேயே காலமானார். அப்போது நான் பள்ளிச் சிறுவன். தேநீர்க் கடை பெஞ்சுகளில் அந்த நோயின் பெயர் வாய்விட்டுப் பேசப்பட்டது அந்த நாட்களில்தான் எனக்கு நினைவிருக்கிறது. கூடவே "அண்ணாவையே காப்பாத்த முடியலியே" என்ற பேச்சும் ஒட்டிக்கொண்டது. சொல் வெளியே வந்தது. வந்த வேகத்தில் அதற்கு மரணம் என்று பொருளும் எழுதப்பட்டுவிட்டது.

மறைப்பதனால் உண்மையில் மறைகிறதா? எங்கள் மருத்துவமனையில் தொண்ணூறுகளில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அறுபது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவர், மகன் மருந்து வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து என் ஜன்னலுக்கு வந்தார். "ஏனுங் தம்பி, அதுல என்னன்னு எழுதியிருக்குதுங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு அவரை டாக்டர் அறைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் கதவைச் சாத்தச் சொன்னார். ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்னன்னு நீங்க நினைக்கறீங்க?" என்று கேட்டார்.

"புத்துதானுங்களே? மூணு மாசமாத் தெரியுமுங். பையன் தாங்க மாட்டான்னு நானா ஒண்ணும் கேக்கலீங்க."

மகன் அப்பாவுக்காக மறைத்தான். அப்பா மகனுக்காக மறைத்தார். ஒரே வீட்டில் மூன்று மாதம் இரண்டு பேரும் தனித்தனியாக அழுதிருக்கிறார்கள். டாக்டர் உண்மையைச் சொன்னார். எவ்வளவு காலம் என்று பெரியவர் கேட்டதற்கு, நாள் கணக்குச் சொல்லாமல், வலி வராமல் பார்த்துக்கொள்ள முடியும் என்பதையும் இனி என்னென்ன செய்யலாம் என்பதையும் விளக்கினார். பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பத்திர ஆபீசுக்கு நடந்து போற அளவுக்குத் தெம்பு இருக்குமுங்களா? மக பேருக்கு ஒரு ஏக்கரா காடு எழுதி வெக்கோணும்."

அன்று எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. செய்தியை மறைக்கும்போது நோயாளியிடமிருந்து நாம் எடுத்துக்கொள்வது அவருடைய மீதி நாட்களை. எதை முடிக்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை அவரோடு போய்விடுகிறது. 'பேஷண்ட் நாட் அவேர்' என்ற குறிப்புக்குக் கீழே அப்படி எத்தனை ஏக்கரா காடு எழுதப்படாமல் போயிருக்கும்!

இதில் சட்டத்தின் நிலை சுவையானது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வெளியிட்ட நன்னடத்தை விதிகள், நோயின் கடுமையைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது என்கின்றன. அதோடு நோயாளியோ, உறவினரோ, பொறுப்பான நண்பரோ நிலைமையை அறிந்திருப்பதை மருத்துவர் உறுதி செய்ய வேண்டும் என்றும் கூறுகின்றன. அந்த 'ஓ'காரத்தைக் கவனியுங்கள். நோயாளிக்குச் சொல்லாமல் உறவினருக்கு மட்டும் சொன்னாலும் விதியை நிறைவேற்றியதாகச் சாதிக்க அதில் இடம் இருக்கிறது. நாம் வராந்தாவில் செய்துவந்ததற்கு ஓர் இடைச்சொல் துணை நின்றது.

ரெட்ரோ

இந்த ஏற்பாட்டை உடைத்தது நான்காவது சொல். 'ரெட்ரோ பாசிட்டிவ்' என்றால் எச்.ஐ.வி. இருக்கிறது என்று பொருள்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், மயிலாப்பூர்க் காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களிடம் இரத்த மாதிரிகள் சேகரித்தார். சென்னையில் அப்போது பரிசோதனை வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியில் வைத்து, இரவு ரயிலில் காட்பாடி போய், வேலூரில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் நோய் தெரிந்தது. செய்தி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போயிற்று. பிரதமர் ராஜீவ் காந்திக்குப் போயிற்று. அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். நாடே அறிந்தது. ஆனால் எதற்காக அந்த இரத்தம் எடுக்கப்பட்டது என்று அந்தப் பெண்களிடம் சொல்லப்படவில்லை. இதை நிர்மலாவே பிற்காலத்துப் பேட்டியில் மறைக்காமல் கூறியிருக்கிறார். அவர்களுக்கு அது புரிந்திருக்காது என்பது அன்றைய எண்ணம்.

அதன் தொடர்ச்சியாக நடந்தவையும் வரலாற்றில் உள்ளன. தண்டனைக் காலம் முடிந்த பிறகும், கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சில பெண்கள் காப்பகத்திலேயே வைக்கப்பட்டிருந்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் நீதிமன்றம் சென்றார். 1990-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவிக்க உத்தரவிட்டது.

எச்.ஐ.வி.யில் "கூட யாரு வந்திருக்காங்க?" என்ற கேள்வி ஆபத்தாக மாறியது. வராந்தாவில் மாமனாரிடம் மெதுவாகச் சொன்ன செய்தி மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவி, வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்வார். வேலை போகும். குழந்தையைப் பள்ளியில் தனியாக உட்கார வைப்பார்கள். இன்னொரு பக்கம், சொல்ல வேண்டியவருக்குச் சொல்லாமல் விட்டால் நோய் அவருக்கும் தொற்றும். நமக்கு அடுத்த நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யாவின் கதை பொதுவெளியில் அவரே சொன்னது. லாரி ஓட்டுநரான தன் கணவருக்கு எச்.ஐ.வி. இருந்தது திருமணத்துக்கு முன் அவருக்குச் சொல்லப்படவில்லை. தனக்கும் தொற்றியதை அறிந்த பின் அவர் முடங்கிவிடவில்லை. 1998-இல் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கென ஓர் அமைப்பு உருவாகக் காரணமானார்.

அதே 1998-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சென்னையின் ஒரு தனியார் மருத்துவமனையில் இரத்தம் கொடுத்த ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது வெளியே தெரிந்து, நிச்சயித்த திருமணம் நின்றுபோனது. இரகசியத்தைக் காக்கவில்லை என்று அவர் வழக்குப் போட்டார். மணக்கவிருந்த பெண்ணின் உயிரைக் காக்கச் சொன்னது தவறில்லை என்று நீதிமன்றம் கருதியது. இரு பக்கமும் நியாயம் இருந்த வழக்கு அது. நாடாளுமன்றம் 2017-இல் நிறைவேற்றிய எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோதுதான் விதிகள் தெளிவாயின. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது. வெளியே சொல்லக் கூடாது. வாழ்க்கைத் துணைக்குச் சொல்லியாக வேண்டிய நிலையிலும், முதலில் நோயாளியோடு பேசி, அவரே சொல்வதற்கு வழி செய்ய வேண்டும்.

சட்டத்துக்கு முன்பே நடைமுறை வந்துவிட்டது. டாக்டர் சுனிதி சாலமன் 1993-இல் சென்னையில் ஒரு தனி மையம் தொடங்கிச் சிகிச்சையோடு ஆலோசனையும் அளித்தார். அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பலகை மாட்டிய சிறு அறைகள் வந்தன. இரத்தம் எடுக்கும் முன் ஒரு பேச்சு, முடிவு வந்த பின் ஒரு பேச்சு. இரண்டும் கதவைச் சாத்திக்கொண்டு, நோயாளியோடு மட்டும். 2004 ஏப்ரலில் தாம்பரம் உட்பட நாட்டின் எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்தும் தொடங்கியதால், அந்தப் பேச்சில் சொல்வதற்கு நல்ல செய்தியும் சேர்ந்தது. நம் நாட்டில் கசப்பான செய்தியை நோயாளியிடமே சொல்ல வேண்டும், அதற்கென்று நேரமும் அறையும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும் என்று அரசே பெரிய அளவில் ஏற்பாடு செய்தது இதில்தான் என்பது என் கணிப்பு. எல்லோரும் ஒதுக்கிய நோயாளிதான் மற்ற நோயாளிகளுக்குக் கதவு திறந்துவிட்டார்.

கூட யாருமில்லாத ஊர்

இனி நம் திருப்பூருக்கு வருகிறேன். இந்த ஊரில் அந்தப் பழைய கேள்விக்கு இன்று பல நேரம் பதிலே இல்லை. முன்பு தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வந்தவர்கள் குடும்பத்தோடு லைன் வீடுகளில் தங்கினார்கள். இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்கள் ஓர் அறையில் எட்டுப் பேராக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் கூட வருகிறவர் அண்ணனோ அப்பாவோ அல்லர். லேபர் கான்ட்ராக்டர் வருவார்.

என் பணியின் கடைசி ஆண்டுகளில், செக்கிங் பிரிவில் வேலை பார்த்த ஒரு வடநாட்டுப் பையனுக்குக் காசநோய் என்று முடிவு வந்தது. பையன் வெளியே பெஞ்சில் இருக்க, கான்ட்ராக்டர்தான் உள்ளே வந்து, "என்னன்னு எங்கிட்டச் சொல்லுங்க டாக்டர், நான்தான அவனுக்குப் பொறுப்பு" என்றார். கெட்ட மனிதர் அல்லர். செலவும் அவர்தான் செய்தார். ஆனால் நோயின் பெயர் அவர் காதில் விழுந்தால் அன்றிரவே அந்த அறையின் எட்டுப் பேருக்கும் தெரியும். பையன் ரயிலேறிவிடுவான். மருந்து பாதியில் நிற்கும்.

டாக்டர் அவரை மரியாதையாக உட்கார வைத்து, "நீங்க கூட்டீட்டு வந்தது பெரிய உபகாரமுங்க. லீவுக்குச் சீட்டு நான் தர்றேன். மத்தது அந்தத் தம்பியக் கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும்" என்றார். பிறகு இந்தி தெரிந்த நர்ஸை அழைத்தார். கதவு சாத்தப்பட்டது. யாரிடம் சொல்லலாம் என்று பையனையே கேட்டார்கள். ஊரில் இருக்கும் அக்காவுக்கு மட்டும் என்றான். போனைப் போட்டுக் கொடுத்தார்கள். ஆறு மாத மருந்து, முதல் சில வாரங்கள் தனி அறை, பிறகு வேலைக்குத் திரும்பலாம் என்பதை அக்காவும் தம்பியும் சேர்ந்து கேட்டார்கள். அவன் மருந்தை முடித்துவிட்டு வந்து காட்டிய தேதியைப் பதிவேட்டில் எழுதியவன் நான்.

அந்த அறையில் கேள்வி ஒழிந்துவிடவில்லை, இடம் மாறியது. "கூட யாரு வந்திருக்காங்க?" என்பது "கூட யாரு இருக்கோணும்னு நீங்க நினைக்கறீங்க?" என்று ஆயிற்று. வள்ளுவர் சொன்ன நான்காவது உறுப்பு அப்படியே இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுப்பவர் மட்டும் நோயாளியாகிவிட்டார்.

இளைய தலைமுறைக்கு

கனடாவில் பணியாற்றிய ராபர்ட் பக்மன் என்ற புற்றுநோய் மருத்துவர், இந்த உரையாடலை ஆறு படிகளாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார். அவரும் சகாக்களும் 2000-இல் வெளியிட்ட அந்த முறை இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. தனிமையான இடத்தில் உட்கார். நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேள். பிறகு எளிய சொற்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல். அவர் அழுதால் பொறுத்திரு. கடைசியில் அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று திட்டம் சொல். இந்த ஆறில் செய்தியைச் சொல்வது நான்காவதாகத்தான் வருகிறது. அதற்கு முன் இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த அந்த டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டபோது இதையெல்லாம் படித்திருந்தாரா என்று தெரியாது. செய்தது இதைத்தான்.

2019-இல் சேர்ந்த மாணவர்கள் முதல் இந்தியாவின் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோயாளியோடு பேசும் முறையும் ஒரு பாடமாக இருக்கிறது. திருப்பூருக்கும் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. நம் ஊரிலேயே படித்து நம் ஊராரிடமே இச்செய்திகளைச் சொல்லப்போகும் டாக்டர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆனால் இது டாக்டர்களுக்கு மட்டுமான பாடம் என்று கலைக் கல்லூரி மாணவர்களாகிய நீங்கள் ஒதுங்கிவிட முடியாது. உங்களில் சிலர் கம்பெனியில் பெர்சனல் மேனேஜர் ஆவீர்கள். தொழிலாளியின் ரிப்போர்ட்டைக் கேட்கும் இடத்தில் இருப்பீர்கள். சிலர் ஆலோசகராவீர்கள், சிலர் ஆய்வகத்தில் இருப்பீர்கள். இந்தி, ஒடியா தெரிந்த யாராவது ஒருவர், ஒரு நாள் ஏதோ ஒரு டாக்டர் அறையில் மொழிபெயர்க்க அழைக்கப்படுவீர்கள். அப்போது கேட்டதைக் கேட்ட இடத்திலேயே விட்டுவிட்டு வரத் தெரிய வேண்டும். எல்லோருமே, வீட்டில் ஒருவருக்காவது, என்றாவது ஒருநாள் அட்டெண்டர் ஆவீர்கள். அந்த நாளில் வராந்தாவில் டாக்டரின் கையைப் பிடித்து "அவருகிட்டச் சொல்லிராதீங்க" என்று கேட்கத்தான் வாய் வரும். எனக்கும் அப்படித்தான் வரும். அதற்கு முன் ஒரு நிமிடம் உள்ளே போய், அவருக்கு என்ன தெரிந்துகொள்ள ஆசை என்று அவரையே கேட்டுப் பாருங்கள். தெரிய வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவும் அவர் உரிமைதான். அதைக் காப்பாற்றுங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. நான் ஓய்வு பெறும் காலத்தில் வந்த கேஸ் ஷீட்டுகளில் சிலவற்றில் புதிய குறிப்பு ஒன்றைப் பார்க்கத் தொடங்கினேன்: 'பேஷண்ட் இன்ஃபார்ம்ட். விஷஸ் டாட்டர் டு பி பிரசென்ட்.' நோயாளியிடம் சொல்லியாயிற்று, மகள் உடனிருக்க விரும்புகிறார் என்று அதற்குப் பொருள். குழூஉக்குறி எதுவும் இல்லாமல் நோயின் பெயரும் மேலே முழுசாக எழுதியிருந்தது. வருங்காலத்தில் நம் கல்லூரி வரலாற்று மாணவர் யாராவது இத்தாள்களை ஆராய வந்தால், அந்த வரியில் அடிக்கோடு போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.